தனியாக ஜெபித்தால் போதாதா? சபை, ஐக்கியம் எல்லாம் அவசியம்தானா?

கோட்டையூர் மருமகள் எழுதியது:

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். கொஞ்ச நாளாக மனதை அரிக்கிற கேள்வி, சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கம், சி.எஸ்.ஐ. குடும்பம். அங்கே கோயில் மணி கேட்டுத்தான் எழுந்திருப்போம். அசனம் (கோயில் விருந்து), பாடகர் குழு, ஓய்வுநாள் பள்ளி என்று எதற்கும் யாரும் வந்து கூப்பிட வேண்டியதில்லை, பிள்ளைகள் ஓடுகிற பக்கம் நாமும் ஓடிவிடுவோம். கல்யாணமாகி கோட்டையூர் வந்தபின் எல்லாம் மாறிவிட்டது. வீட்டுக்காரருக்கு சிங்கப்பூரில் வேலை. இங்கே நானும் மாமியாரும் ஆறாவது படிக்கிற மகளும்தான். எங்கள் தெருவில் நாங்கள் ஒரே கிறிஸ்தவ வீடு. அக்கம்பக்கத்தில் எல்லோரும் அன்பாகத்தான் பழகுகிறார்கள், அதில் ஒரு குறையும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காரைக்குடிக்கு பஸ் ஏறிப் போய் ஆராதனையில் உட்கார்ந்துவிட்டு வருவோம். யாரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். ஆசீர்வாதம் சொல்லி முடித்ததும் அவரவர் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். 2020-இல் கொரோனா வந்து கோயிலை மூடினார்கள், எல்லோரையும் போல நானும் யூடியூபுக்குப் போனேன். திறந்த பிறகும் அப்படியே இருந்துவிட்டேன். உண்மையைச் சொன்னால் அது எனக்கு வசதியாகவே இருக்கிறது. காலையில் வேதம் வாசிக்கிறேன், ராத்திரி மகளோடு ஜெபிக்கிறேன், நல்ல நல்ல செய்தியெல்லாம் போனிலேயே கேட்கிறேன். "உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப் பூட்டி" ஜெபம் பண்ணு என்று ஆண்டவரே மத்தேயு 6-இல் சொல்லியிருக்கிறாரே, அப்புறம் எதற்கு இந்தக் கூட்டம்?

ஆனாலும் ஏதோ இடிக்கிறது. சமீபமாக ஜெபம் வாயில் ஓடுகிறது, மனது எங்கேயோ நிற்கிறது. போன வாரம் மகள் சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள், "ஏம்மா, இந்த ஊர்ல நம்ம மட்டும்தான் கிறிஸ்தவங்களா?" என்று. அவளுக்கு ஏதோ பதில் சொல்லிச் சமாளித்தேன். எனக்குள் பதில் இல்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

தேவகோட்டை ரஸ்தா எழுதியது:

அம்மா, நான் ஆர்.சி.க்காரன், ஓய்வுபெற்ற வாத்தியார். உங்கள் வழிமுறை வேறு, என்னுடையது வேறு. ஆனால் இந்தக் கேள்வி இரண்டு பக்கமும் உள்ளதுதான்.

யோவான் நற்செய்தி 20-ஆம் அதிகாரத்தை மறுபடி எடுத்துப் பாருங்கள். உயிர்த்த ஆண்டவர் சீடர்களிடம் வந்த அன்று தோமா அங்கே இல்லை. ஏன் இல்லை என்று வேதம் சொல்லவில்லை. மற்றவர்கள் "ஆண்டவரைக் கண்டோம்" என்றபோது அவர் நம்பவில்லை. ஆண்டவர் நினைத்திருந்தால் அன்றைக்கு ராத்திரியே தோமா இருந்த இடத்துக்குத் தனியாகப் போய்க் காட்சி கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. எட்டு நாள் கழித்து எல்லோரும் கூடியிருக்கும்போது, தோமாவும் அவர்களோடு இருக்கும்போதுதான் வந்தார். அந்த ஒரு வாரமும் மற்ற சீடர்கள் தோமாவை "நம்பிக்கை இல்லாதவன்" என்று தள்ளி வைக்கவில்லை பாருங்கள், அதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. சந்தேகத்தோடு உட்கார்ந்திருந்தவருக்கும் அந்த வீட்டில் இடம் இருந்தது.

இப்போது என் கதை. மனைவிக்குச் சிறுநீரகக் கோளாறு வந்து மதுரைக்கும் இங்குமாக அலைந்த காலம். அப்போது என்னால் ஜெபிக்கவே முடியவில்லை. ஜெபமாலையைக் கையில் எடுத்தால் பத்து மணிகளை உருட்டி முடிப்பதற்குள் கோபம் வந்துவிடும். எங்கள் பங்கில் அன்பியம் உண்டு. உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், ஒரு பங்கை, அதாவது ஒரு கோயிலுக்கு உட்பட்ட வட்டாரத்தை, பக்கத்துப் பக்கத்து வீடுகளாகச் சின்னச் சின்னக் குழுக்களாகப் பிரித்து வைத்திருப்பார்கள். ஒவ்வொரு கூட்டமும் ஒவ்வொரு வீட்டில். பட்டாசாலையில் பாய் விரித்து, நடுவில் ஒரு ஸ்டூலில் விவிலியமும் மெழுகுவர்த்தியும் வைத்து, ஒரு பாட்டு, ஒரு வாசகம். அப்புறம் அந்த வாசகம் தனக்கு என்ன சொல்கிறது என்று படிக்காத பாட்டியும் பேசும், பாலிடெக்னிக் பையனும் பேசுவான். கடைசியில் அவரவர் தேவைக்கு மன்றாட்டு. எனக்கு அதிலெல்லாம் பெரிய நாட்டம் இருந்ததில்லை, வீட்டுக்காரிதான் போவாள்.

அவள் படுத்த பிறகு அந்தக் கூட்டத்தை எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார்கள். நான் வாயைத் திறக்க மாட்டேன், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பேன். எனக்குப் பதிலாக அவர்கள் ஜெபித்தார்கள். ரத்தம் தேவைப்பட்ட அன்று அந்த பாலிடெக்னிக் பையன் தன் கூட்டாளிகளை அழைத்துக்கொண்டு மதுரைக்கு வந்து நின்றான். நான் மதுரையில் தங்கின நாளெல்லாம் என் பிள்ளைகளுக்கு எந்த வீட்டுச் சாப்பாடு என்பதைக்கூட அவர்களுக்குள்ளேயே முறை போட்டு வைத்திருந்தார்கள். மாற்கு 2-இல் முடக்குவாதக்காரனை நாலு பேர் கட்டிலோடு தூக்கி வந்து கூரையைப் பிரித்து இறக்குவார்களே, அங்கே "இயேசு அவர்களுடைய நம்பிக்கையைக் கண்டு" என்றுதான் எழுதியிருக்கிறது. படுத்திருந்தவனுக்கு நம்பிக்கை இருந்ததா இல்லையா என்று ஒரு வார்த்தை இல்லை. தூக்கி வந்தவர்களின் நம்பிக்கை போதுமானதாக இருந்தது. என் விஷயத்தில் அதுதான் நடந்தது. இதை யூடியூப் செய்யுமா அம்மா?

இன்னொன்று. நம் பக்கத்தில் நகரத்தார்களைப் பார்த்திருப்பீர்கள். கல்யாணமான ஒவ்வொரு தம்பதியும் அவர்களுடைய நகரக் கோயிலில் ஒரு புள்ளி. பிள்ளையார்பட்டி, இளையாத்தங்குடி, மாத்தூர் என்று ஒன்பது கோயில். பிழைப்புக்காக மலேசியாவில் இருந்தாலும் அமெரிக்காவில் இருந்தாலும் புள்ளிக் கணக்கில் அவர்கள் பெயர் இருக்கும், வரி கேட்டு ஆள் வரும். ஒருவன் எங்கே இருந்தாலும் அவனைக் கணக்கில் வைத்திருக்கிற ஒரு இடம். அந்த மாதிரி, நீங்கள் இரண்டு வாரம் வரவில்லை என்றால் "எங்கே காணோம்" என்று கேட்க ஒரு வீடாவது உங்களுக்கு வேண்டும். அது இப்போது இல்லை, அதைத்தான் நீங்கள் தேடுகிறீர்கள் என்று நினைக்கிறேன்.

புதுவயல் ரைஸ்மில் எழுதியது:

வாத்தியார் ஐயா சொன்னது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் அக்கா, இதன் இன்னொரு பக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும்.

சமூகம், குடும்பம் என்று மேடையில் சொல்வது எளிது. நம் பக்கத்துத் திருச்சபைகளில் சாதி இல்லையா? திருவிழா மண்டகப்படியில், கல்லறைத் தோட்டத்தில், பங்குப் பேரவைத் தேர்தலில், கல்யாணத்தில், எங்கே இல்லை? நான் பிறந்து வளர்ந்த கோயிலில் என் அப்பா கடைசி வரைக்கும் பின்வரிசையில்தான் உட்கார்ந்தார். யாரும் அப்படி உட்காரச் சொல்லவில்லை. முன்னால் போய் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும், அவ்வளவுதான். அதனால் "கோயிலுக்கு வா, எல்லாம் சரியாகிவிடும்" என்று யாராவது சொன்னால் எனக்குச் சுருக்கென்று குத்தும். மனது உடைந்து வெளியே போனவர்களை விசுவாசம் குறைந்தவர்கள் என்று சொல்லவே கூடாது.

இது புது வியாதியும் இல்லை. கொரிந்து சபையில் கர்த்தருடைய பந்தியிலேயே "ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்" என்று பவுல் திட்டி எழுதுகிறார். எருசலேமில் ஆதிச் சபையிலேயே கிரேக்க மொழி பேசின விதவைகளை அன்றாடப் பந்தி விசாரிப்பில் விட்டுவிட்டார்கள், முறுமுறுப்பு எழும்பியது, அப்போஸ்தலர் 6-இல் இருக்கிறது. அங்கே அப்போஸ்தலர்கள் "நீங்கள் அனுசரித்துப் போங்கள்" என்று சொல்லவில்லை. சபையைக் கூட்டி, ஏழு பேரைத் தேர்ந்தெடுத்து அந்த வேலையையே அவர்கள் கையில் கொடுத்துவிட்டார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு என்று அந்த ஏழு பேருமே கிரேக்கப் பெயர்க்காரர்கள். புறக்கணிக்கப்பட்டவர்களின் பக்கத்து ஆட்களிடமே பொறுப்பு போயிருக்கிறது. அதைச் செய்கிற சபைக்கு நான் இன்றைக்கே போவேன்.

அதற்காக நான் தனியாக இருக்கவும் இல்லை. மில்லில் வேலை பார்க்கிறவர்கள், பக்கத்து ஊர்க்காரர்கள் என்று நாலைந்து குடும்பம் சேர்ந்து ஒரு வீட்டில் கூடுகிறோம். ஒரு அதிகாரம் வாசிப்போம், பேசுவோம், ஜெபிப்போம், இருக்கிறதைப் போட்டுச் சாப்பிடுவோம். யார் எந்த சாதி என்று எல்லோருக்கும் தெரியும், ஒரே தட்டில் எடுத்துச் சாப்பிடுகிறோம். "இரண்டுபேராவது மூன்றுபேராவது" தம் பெயரில் கூடினால் அவர்கள் நடுவில் இருப்பேன் என்று ஆண்டவர் சொன்னது எங்களுக்கு ரொம்பப் பெரிய ஆறுதல். ரோமர் 16-இல் பிரிஸ்கில்லா, ஆக்கில்லா வீட்டில் கூடின சபையைப் பவுல் வாழ்த்துகிறார். முதல் தலைமுறைகளில் சபை என்றாலே பெரும்பாலும் வீடுதான். சிரியாவில் துரா யூரோப்போஸ் என்ற இடத்தில் தோண்டியெடுத்த, கி.பி. 240-ஐ ஒட்டிய ஆராதனை இடம்கூட, ஒரு சாதாரண வீட்டின் சுவரை இடித்துப் பெரிதாக்கினதுதான்.

ஆகவே அக்கா, சபை வேண்டுமா என்றால் வேண்டும். எந்தச் சபை என்பதில் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மகள் எந்த வீட்டில் கூச்சப்படாமல் தண்ணீர் கேட்டுக் குடிக்கிறாளோ அந்த இடமாகப் பாருங்கள்.

செக்காலை ரூம் நம்பர் 7 எழுதியது:

அக்கா, சுருக்கமாக. நான் காரைக்குடியில் தங்கிப் படிக்கிறவன். ஆன்லைன் என்றாலே பொய் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட வேண்டாம். எங்கள் ஊர் வாலிபர் ஐக்கியத்தில் வெளியூர் போனவர்கள் எல்லோரும் ராத்திரி போனில் கூடுகிறோம், வீடியோவில் முகம் பார்த்து. போன செமஸ்டரில் அரியர் விழுந்து நான் யாரிடமும் பேசாமல் ரூமில் கிடந்தபோது, ஒரு அண்ணன் மறுநாள் காலையில் பஸ் ஏறி நேரில் வந்துவிட்டார். நான் கூட்டத்தில் கேமராவை அணைத்து வைத்ததைக் கவனித்திருக்கிறார்! அதனால் போனா நேரா என்பதைவிட, அந்தப் பக்கம் உங்களைத் தெரிந்த ஆள் இருக்கிறாரா என்பதுதான் கேள்வி. பெரிய ஊழியக்காரர் செய்தியை நீங்கள் பார்க்கிறீர்கள், அவர் உங்களைப் பார்க்கிறாரா?

ஐயரம்மா எழுதியது:

மகளே, என் வீட்டுக்காரர் சபை ஊழியத்தில் இருக்கிறார், இந்த வட்டாரத்தில்தான். நீ எழுதினதைப் படித்ததும் எனக்கு முதலில் வருத்தம்தான் வந்தது. ஒரு பெண் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் ஏறி வருகிறாள், வாரக்கணக்கில் ஒருவரும் "எந்த ஊரும்மா" என்று கேட்கவில்லை என்றால் அது அந்தச் சபை திருத்திக்கொள்ள வேண்டிய விஷயம், உன் மேல் குற்றம் இல்லை. புதுவயல் தம்பி சொன்னதையும் நான் தலை வணங்கி ஏற்கிறேன். ஊழியக்காரர் வீட்டில் இருந்துகொண்டு அதை இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அறைவீட்டு ஜெபத்தைப் பற்றிக் கேட்டாய். அதை ஆண்டவர் சொன்னது சந்தியில் நின்று மனுஷர் காணும்படி ஜெபித்தவர்களைக் கண்டித்து. அதே ஆண்டவர் ஓய்வுநாளில் "தம்முடைய வழக்கத்தின்படியே" ஜெப ஆலயத்துக்குப் போனார் என்று லூக்கா 4-இல் இருக்கிறது. இத்தனைக்கும் அவர் வளர்ந்த அந்த நாசரேத்து ஆட்கள் அன்றைக்கே அவரை மலைச்சரிவில் தள்ளப் பார்த்தவர்கள். அவருக்குத் தனிமையும் வேண்டியிருந்தது, விடியற்காலையில் எழுந்து வனாந்தரமான இடத்துக்குப் போய் ஜெபித்தார். கூட்டமும் வேண்டியிருந்தது. உன் தனி ஜெபத்தை ஒருநாளும் விட்டுவிடாதே, அது இல்லாமல் கோயிலுக்கு வந்து உட்கார்ந்தால் அதுவும் வெறும் உட்காருவதுதான்.

எகிப்து வனாந்தரத்தில் தனியாகத் தவம் இருந்தவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பாய். நாலாம் நூற்றாண்டிலேயே பகோமியு என்பவர் அவர்களைச் சேர்த்து ஒன்றாக வாழவைத்தார். அவருக்குப் பின்னால், இன்றைய துருக்கியில் இருக்கிற கப்பதோக்கியாவில், பசீலியார் என்ற ஆயர் இன்னும் தெளிவாகக் கேட்டார், தனியாகவே வாழ்ந்தால் நீ யாருடைய காலைக் கழுவுவாய் என்று. எனக்கு இந்தக் கேள்வி ரொம்ப நாளாக உள்ளேயே இருக்கிறது. பொறுமை, மன்னிப்பு, தாழ்மை என்று எவ்வளவோ படிக்கிறோம், எதிரில் ஒரு ஆள் இல்லாமல் அதில் ஒன்றையாவது செய்து பார்க்க முடியுமா? எரிச்சலூட்டுகிற ஆள் ஒருவர் சபையில் இருந்தால் அதுவும் நமக்குப் பாடம்தான். பசீலியார் கேட்டதோடு நிற்கவில்லை. செசரியா பட்டணத்துக்கு வெளியே ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும் பெரிய இல்லமே கட்டினார்.

இங்கிலாந்தில் மெதடிஸ்ட் இயக்கத்தை ஆரம்பித்த ஜான் வெஸ்லியின் காரியம் இன்னும் வேடிக்கையானது. பிரிஸ்டலில் கட்டியிருந்த ஆராதனைக் கட்டடத்துக்கு 1742-இல் கடன் இருந்தது. அதை அடைக்க ஆளுக்கு வாரம் ஒரு பென்னி என்று வைத்து, பன்னிரண்டு பேருக்கு ஒரு பொறுப்பாளரைப் போட்டு வீடு வீடாக வசூலிக்க அனுப்பினார்கள். வசூலுக்குப் போனவர்களுக்குத்தான் தெரிந்தது, எந்த வீட்டில் குடி, எந்த வீட்டில் சண்டை, யார் விசுவாசத்தில் தளர்ந்து கிடக்கிறார் என்று. காசு வாங்கப் போனது ஆத்துமாவை விசாரிக்கிற ஊழியமாக மாறிவிட்டது. மெதடிஸ்ட் இயக்கம் அவ்வளவு ஆழமாக வேர் பிடித்ததற்கு அந்தப் பன்னிரண்டு பேர் குழுக்கள் பெரிய காரணம். வெஸ்லியின் பிரசங்கத்தைக் கேட்க ஆயிரக்கணக்கில் வந்தார்கள், நிலைத்து நிற்க வைத்தது அந்தச் சின்னக் குழுதான்.

நம் நாட்டிலும் உண்டு. 1921-இல் திருப்பத்தூரில், நம் சிவகங்கைத் திருப்பத்தூர் இல்லை, வட ஆற்காட்டுப் பக்கத்துத் திருப்பத்தூரில், ஜேசுதாசன் என்ற தமிழரும் பாரஸ்டர் பேட்டன் என்ற ஸ்காட்லாந்துக்காரரும் கிறிஸ்துகுல ஆசிரமம் ஆரம்பித்தார்கள். இரண்டு பேரும் டாக்டர்கள். வெள்ளைக்காரன் ஆட்சி நடக்கிறது, இவர்கள் ஒரே கதர், ஒரே சாப்பாடு, ஒரே ஜெபம், ஊர் ஜனங்களுக்கு மருத்துவம் என்று வாழ்ந்தார்கள்.

சரி, இனி உன் காரியத்துக்கு வருகிறேன். ஞாயிறு ஆராதனையில் இருந்து ஆரம்பிக்காதே. முந்நூறு பேர் நடுவில் யாரும் யாரையும் தெரிந்துகொள்ள முடியாது. பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கு முதலில் வா, அங்கே பத்துப் பதினைந்து பேர்தான் இருப்போம், வந்த அன்றைக்கே உன் பெயரைக் கேட்டுவிடுவார்கள். அப்புறம் ஒரு வேலையைக் கையில் எடு. நாசரேத்துப் பக்கம் என்கிறாய், ஓய்வுநாள் பள்ளிப் பாட்டெல்லாம் உனக்குத் தலைகீழாகத் தெரிந்திருக்கும், இங்கே சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாமல் தவிக்கிறோம். விருந்தாளியாக வந்து உட்கார்ந்தால் எத்தனை வருஷமானாலும் விருந்தாளிதான். ஒரு பொறுப்பு கைக்கு வந்துவிட்டால், நீ வராத வாரம் பிள்ளைகளே உன்னைத் தேடுவார்கள்.

தேவகோட்டை ரஸ்தா எழுதியது:

ஐயரம்மா சொன்ன கடைசி வரி முக்கியம். இன்னொன்றும் சேர்த்துக்கொள்கிறேன். மகள் கேட்ட கேள்விக்கு நம் மண்ணிலேயே பதில் இருக்கிறது. ஓரியூரில் அருளானந்தர், அதாவது ஜான் டி பிரிட்டோ சாமியார், 1693 பிப்ரவரி 4-ஆம் தேதி தலை வெட்டப்பட்டார் என்பது எல்லோருக்கும் தெரியும். அவருக்குப் பிறகு இந்த மறவர் சீமையில் விசுவாசம் எப்படி நின்றது? சாமியார்கள் கைவிரல் விட்டு எண்ணுகிற அளவுதான், பல கிராமங்களுக்கு அவர்கள் எப்போதாவதுதான் வர முடியும். சாமியார் அல்லாத உள்ளூர் உபதேசியார்கள்தான் ஜனங்களைக் கூட்டி, மந்திரங்களைச் சொல்லிக் கொடுத்து, ஞாயிற்றுக்கிழமை ஜெபம் நடத்தி, சாகக் கிடக்கிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து காப்பாற்றினார்கள். பூசை இல்லாத ஞாயிறுகளிலும் ஜனங்கள் கூடினார்கள். அவர்கள் தனித்தனியாக வீட்டுக்குள்ளேயே இருந்திருந்தால் அடுத்த தலைமுறைக்கு என்ன போய்ச் சேர்ந்திருக்கும்? மகளை ஒருமுறை ஓரியூருக்கு அழைத்துப் போங்கள். அவர் ரத்தத்தால் சிவந்தது என்று ஜனங்கள் சொல்கிற மணலைக் காட்டி இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

கோட்டையூர் மருமகள் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. வாத்தியார் ஐயா வீட்டு அம்மாவுக்காக இன்றைக்கு நானும் மகளும் ஜெபித்தோம். இப்போது எப்படி இருக்கிறார்கள்?

புதுவயல் தம்பி, உங்கள் அப்பாவைப் பற்றி எழுதினதை மாமியாரிடம் வாசித்துக் காட்டினேன். அவர்கள் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் தன் சின்ன வயதில் நடந்ததையெல்லாம் சொன்னார்கள், இத்தனை வருஷத்தில் என்னிடம் சொன்னதே இல்லை. அவர்கள் ஏன் கோயிலுக்கு வர அவ்வளவாக ஆர்வம் காட்டவில்லை என்று இப்போதுதான் புரிகிறது. நான் சோம்பல் என்றே நினைத்திருந்தேன். உங்கள் வீட்டுக் கூட்டத்துக்கு அவர்களை ஒருநாள் கூட்டி வரலாமா?

ஐயரம்மா, பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கு வருகிறேன். மகளுக்குப் பள்ளிக்கூடம் நாலரைக்குத்தான் விடும், அவளையும் கூட்டிக்கொண்டு வந்தால் கொஞ்சம் தாமதமாகும், பரவாயில்லையா?

புதுவயல் ரைஸ்மில் எழுதியது:

தாராளமாக வாருங்கள் அக்கா. அம்மா தரையில் உட்காரச் சிரமப்படுவார்கள் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், நாற்காலி எடுத்துப் போடுகிறோம்.

தேவகோட்டை ரஸ்தா எழுதியது:

நன்றாக இருக்கிறாள் அம்மா. வாரத்துக்கு இரண்டு தடவை டயாலிசிஸ், மற்ற நாளில் அவள்தான் அன்பியத்துக்குப் பாட்டு எடுத்துக் கொடுக்கிறாள்.

ஐயரம்மா எழுதியது:

தாமதமானால் என்ன, பாதியில் வந்தாலும் வா. வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு ஆரம்பிப்போம். பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் போன் பண்ணு, யாரையாவது அனுப்புகிறேன். உன் எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்பு, இங்கே பொதுவில் போடாதே.